ஐஎஸ்ஓ 45001 தணிக்கையாளர் பயிற்சி: மறக்க முடியாத வகுப்பறை அனுபவங்கள்

பழையபேனா:
பணியிடப் பாதுகாப்பு, உடல்நல மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 45001, 2018 மார்ச்சில் வெளியானது. அதற்கு முன்பிருந்த தரநிலையான ஓஎச்எஸ்ஏஎஸ் 18001-இலிருந்து மாறுவதற்குத் தரப்பட்ட மூன்றாண்டு அவகாசம் பெருந்தொற்றினால் 2021 செப்டம்பர் வரை நீண்டது. அந்த நீட்டிப்பின் இறுதி மாதங்களில், பழைய தரநிலையில் பல்லாண்டுகள் தணிக்கை செய்தவர்களுக்கு நான் வகுப்பு எடுத்தேன். தொழிலாளர் பங்கேற்பைப் பேசும் பிரிவு 5.4-க்காக ஒரு நடிப்புப் பயிற்சி வைத்தோம். நான் இயந்திரம் இயக்கும் தொழிலாளியாக அமர்ந்தேன். உடன் பயிற்றுநர் மேற்பார்வையாளராக என் முதுகுக்குப் பின்னால் நின்றார். வகுப்பிலேயே அதிக அனுபவம் உள்ளவர் முன்வந்து, "பாதுகாப்பு தொடர்பாக உங்களிடம் கலந்தாலோசிக்கிறார்களா?" என்று கேட்டார். நான் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தேன். அவர் பட்டியலில் 'ஆம்' என்று குறித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். என் வலக்கையில் முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தேன். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

நூலிழை:
நான் எதிர்ப்பக்கத்தில், பயிற்சி பெறுபவனாக இருந்தவன். மாறுதல் பயிற்சியின் இரண்டாம் நாள் மாதிரித் தணிக்கையில், "மேலாண்மைப் பிரதிநிதி நியமிக்கப்படவில்லை" என்று பழைய பழக்கத்தில், மிகுந்த நம்பிக்கையோடு இணக்கமின்மை (தரநிலை கேட்பது நிறைவேறவில்லை என்ற பதிவு) எழுதினேன். பயிற்றுநர் குரலை உயர்த்தாமல், "செய்தாக வேண்டும் என்று சொல்லும் வாக்கியத்தை மட்டும் படித்துக் காட்டுங்கள்" என்றார். பிரிவு 5.3-ஐத் திருப்பினேன். பொறுப்பையும் அதிகாரத்தையும் உயர் நிர்வாகம் ஒப்படைக்க வேண்டும் என்று இருந்ததே தவிர, அந்தப் பதவியின் பெயர் எங்குமே இல்லை. வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, பக்கங்களை முன்னும் பின்னுமாகப் புரட்டிய அந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்கு முன்பு எத்தனை நிறுவனங்களில், புத்தகத்தைத் திறக்காமல் நினைவிலிருந்தே எழுதியிருப்பேனோ தெரியவில்லை.

நேர்கோடு:
பழையபேனா அவர்களின் அனுபவத்தைப் படித்தேன்; ஆனால் அதில் எனக்கு உடன்பாடில்லை. கையில் கட்டுப் போட்டுக்கொண்டு அமர்வது பயிற்சி ஆகாது, பொறி வைப்பது ஆகும். மேலும், தொழிலாளர் பங்கேற்பு ஏதோ புதிதாக முளைத்ததுபோல் எழுதுவதும் சரியில்லை. 2007-ஆம் ஆண்டின் ஓஎச்எஸ்ஏஎஸ் பதிப்பிலேயே பங்கேற்புக்கும் கலந்தாலோசனைக்கும் தனிப் பிரிவு இருந்தது. மேலாளர் அல்லாத தொழிலாளர்களைத் தனியே குறிப்பிட்டு வலியுறுத்தியதும், பங்கேற்புக்குத் தடையாக இருப்பவற்றை நீக்கச் சொன்னதும்தான் ஐஎஸ்ஓ 45001-இல் புதியவை. பழிவாங்கப்படுவோம் என்ற அச்சம், மொழி, எழுத்தறிவின்மை ஆகியவற்றையெல்லாம் தடைகள் என்று அதன் குறிப்பே சொல்கிறது.

என்னுடைய அனுபவம் சிறியது: நான் பயிற்றுவித்த ஒருவர், நிர்வாகம் தேர்ந்தெடுத்து அனுப்பிய மூன்று பேரைக் கூட்ட அறையில் வரிசையாக அமர்த்திப் பேட்டி கண்டார், மூவரும் ஒரே வாக்கியத்தை ஒரே சொற்களில் சொன்னார்கள், அவரோ அதைச் சிறந்த விழிப்புணர்வு என்று பாராட்டி எழுதினார்.

ஆகவே பயிற்றுநர்கள் முதலில் கற்றுத்தர வேண்டியவற்றைச் சொல்கிறேன். பேட்டிக்குரியவரைத் தணிக்கையாளரே தேர்ந்தெடுக்க வேண்டும். இரவு முறையில் வேலை செய்பவரும் ஒப்பந்தத் தொழிலாளரும் அதில் இருக்க வேண்டும். பேச்சு இயன்றவரை வேலை நேரத்தில், வேலை செய்யும் இடத்திலேயே நடக்க வேண்டும் என்பது தணிக்கை செய்யும் முறைக்கான ஐஎஸ்ஓ 19011 வழிகாட்டுதலில் உள்ளதுதான். ஏன் கேட்கிறோம், ஏன் குறிப்பெடுக்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதும் அதில் உள்ளது. 'ஆம்', 'இல்லை' என்று முடியும் கேள்விகளைத் தவிர்த்து, "இந்த வேலையை எப்படிச் செய்கிறீர்கள் என்று காட்டுங்கள்" என்று தொடங்கலாம். முதலுதவிப் பதிவேட்டையும் சம்பவ விசாரணைக் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முன்னதில் இருந்து பின்னதில் இல்லாதவற்றிலிருந்து சம்பவங்களையும் இணக்கமின்மைகளையும் கையாள்வது பற்றிய பிரிவு 10.2-க்கான கேள்விகள் தாமாகவே கிடைக்கும். கையுறை அணிந்திருக்கிறாரா என்று பார்ப்பதோடு நிற்காமல், ஆபத்தை அடியோடு நீக்கவோ, வேறொன்றால் மாற்றவோ, பொறியியல் முறையில் தடுக்கவோ முயன்றார்களா என்று 8.1.2 சொல்லும் வரிசையிலேயே கேட்க வேண்டும், ஏனெனில் அந்த வரிசையில் கையுறைக்கு இடம் கடைசியில்தான். இதையெல்லாம் விட்டுவிட்டு, 2024-இல் வந்த காலநிலைத் திருத்தத்துக்கு அரை நாள் ஒதுக்குகிறார்கள். அந்தத் திருத்தம் மொத்தமே இரண்டு வாக்கியங்கள்.

கிடங்குக்காரர்:
நான் தணிக்கையாளன் அல்லன். கிடங்கில் வேலை செய்பவன். பயிற்சிக்கு வந்தவர்கள் எங்கள் இடத்தில்தான் மாதிரித் தணிக்கை செய்தார்கள். அவர்களுள் ஓர் இளம்பெண், உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் வேலையை விட்டு விலகிக்கொள்ளலாம் என்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டார். சுவரொட்டியில் படித்திருந்ததால், "தெரியும்" என்றேன். "கடைசியாக எப்போது விலகினீர்கள்?" என்றார். நான் அடுக்கிலிருந்த பெட்டிகளைப் பார்த்தபடி நின்றேன். அவர் பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்தார். இன்றுவரை அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

நேர்கோடு:
கிடங்குக்காரர் அவர்களே, அது விழிப்புணர்வு பற்றிய பிரிவு 7.3. அப்படி விலகியவருக்குப் பாதிப்பு வராமல் காக்கும் ஏற்பாடு என்ன என்பதையும் தொழிலாளர் அறிந்திருக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. அந்தப் பெண் அதையும் கேட்டிருக்க வேண்டும்.

கிடங்குக்காரர்:
கேட்டார் ஐயா. அதற்குள் எங்கள் மேற்பார்வையாளர் வந்துவிட்டார்.

பழையபேனா:
நேர்கோடு அவர்கள் பொறி என்றதனால், முதலில் எழுதாமல் விட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று தேநீர் இடைவேளையில் அந்த மூத்த தணிக்கையாளர் என்னைத் தனியே அழைத்து, "கையில் என்ன ஆயிற்று? பலத்த அடியா?" என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார். அப்பொழுதே கவனித்தாராம். தணிக்கை நடக்கும்போது சொந்த விஷயம் கேட்பது முறையாகாது என்று விட்டுவிட்டாராம். நான் கட்டை அவிழ்த்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, கையிலிருந்த தேநீரைக் குடிக்காமலே வகுப்புக்குள் போய்விட்டார்.