பேராமையா, அழுங்காமையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ராமேஸ்வரம் ஓலைக்குடா பக்கம் நீந்தும்போது எடுத்த படங்கள் இவை. சின்னக் கடல் ஆமை, ஓடு சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிது.

ஓட்டின் நடுவரிசைக்கு இரண்டு பக்கமும் நான்கு நான்கு செதில்தான் எண்ண முடிகிறது, அதனால் பங்குனி ஆமை இல்லை (அதற்கு ஆறு, ஏழு என்று போகும்), ஐந்து இருக்கிற பெருந்தலை ஆமையும் இல்லை. சரி, மிச்சம் இரண்டு. மூக்குக்கு மேலே, கண்களுக்கு நடுவில் ஒரு ஜோடி செதில் என்றால் பேராமை, இரண்டு ஜோடி என்றால் அழுங்காமை, ஆனால் பாழாய்ப்போன அந்த இடம்தான் எல்லாப் படத்திலும் மங்கல். ஓட்டின் பின்விளிம்பு அழுங்காமைக்கு இருப்பதுபோல் பல் பல்லாக இருக்கிறது, ஆனால் குட்டிப் பேராமைக்கும் லேசாக அப்படி இருக்கும் என்பதால் அதை நான் நம்பவில்லை. ஓட்டுச் செதில்கள் அழுங்காமைக்கு இருப்பதுபோல் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றனவா என்று பார்க்கவிடாமல் பாசி வேறு.

அப்புறம், பக்கவாட்டுப் படத்தைப் பெரிதாக்கினால் கண்ணுக்குப் பின்னால் மூன்று செதில் தெரிகிறது. பேராமைக்கு வழக்கமாக நான்கு. இதை மட்டும் வைத்து அழுங்காமை என்று குறித்துவிடலாமா? அலகைப் பார்த்தே சொல்லிவிடுகிற கடல்காரர்கள் யாராவது இருக்கிறீர்களா? துரத்தியோ தொட்டோ எடுத்த படங்கள் இல்லை, அந்தச் சண்டை வேண்டாம்.