புதுப்பிப்பு: குடியை நிறுத்தும் முதல் நான்கு நாட்கள்

தினமும் குடிப்பவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தக் கூடாது என்று முன்பு எழுதியிருந்தேன். "முதல் நாள் நன்றாகத்தானே இருக்கிறார், எதற்கு ஆஸ்பத்திரி?" என்று கேட்டிருந்தீர்கள். ஏமாந்துபோவது அங்கேதான். கடைசியாகக் குடித்து 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள். நாள், இடம் தெரியாமல் உளறுவது, படுக்கையில் இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவது, காய்ச்சல், படபடப்பு எல்லாம் சேர்ந்த டெலிரியமோ 2 முதல் 4 நாட்களில்தான் தலைகாட்டும். சிகிச்சை தாமதமானால் உயிரே போகலாம்.

வார்டில் சில மணி நேரத்துக்கொரு முறை கையை நீட்டச் சொல்லி நடுக்கம் பார்ப்பார்கள், நாடித்துடிப்பு எண்ணுவார்கள், அறிகுறிகளின் தீவிரத்துக்கு மதிப்பெண் போட்டு அதற்கேற்ப டயஸெபம் என்ற அமைதிப்படுத்தும் மருந்து கொடுப்பார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் அது உடலில் தேங்கி மயக்கும். அவர்களுக்கு அதே வகை மருந்தான லோரஸெபம் நல்லது. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்போ கூடவோ தயாமின் (வைட்டமின் பி1) ஊசி போடுகிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள். தயாமின் பற்றாக்குறை மூளையை நிரந்தரமாகப் பாதிக்கும். முன்பு வலிப்பு வந்திருந்தால் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள், மறைக்காதீர்கள்.

ஹெராயினை நிறுத்தினால் என்ன ஆபத்து என்று கேட்டவருக்கு: நிறுத்திய சில நாட்களிலேயே உடலின் தாங்குதிறன் இறங்கிவிடும். பிறகு பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். டிஸ்சார்ஜுக்கு முன்பே புப்ரெனார்ஃபின் (ஹெராயின் ஏக்கத்தைக் குறைக்கும் மருந்து) போன்ற தொடர் சிகிச்சையைப் பேசி முடிவு செய்யுங்கள்.