புது பஸ் ஸ்டாண்டிலிருந்து சுகவனேஸ்வரர் கோயிலுக்கு இருபது நிமிட நடையா?

கோட்டைக்காரன்:
திருநெல்வேலியிலிருந்து ஆடியில் அம்மாவோடு சேலம் வரப்போகும் ஒரு சகோதரி, எந்தப் பக்கம் தங்கலாம் என்று நேற்று கேட்டிருந்தார். அதற்கு மெய்யனூரான் தம்பி சொன்ன பதில் இது: "புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரூம் எடுங்கள். பழைய ஊருக்குள் தங்குவது வீண். சுகவனேஸ்வரர் கோயிலுக்கும் கோட்டை மாரியம்மனுக்கும் இருபது நிமிடத்தில் நடந்தே போய்விடலாம்."

படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

நான் சேலம் கோட்டைப் பகுதியில் பிறந்தவன். ஐம்பத்தெட்டு வயதாகிறது. புது பஸ் ஸ்டாண்டிலிருந்து நான்கு ரோடு வந்து, செர்ரி ரோடு பிடித்து, கலெக்டர் ஆபீஸ் தாண்டினால்தான் கோயில். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். இருபது நிமிடத்தில் சேர வேண்டுமானால் ஓடித்தான் ஆக வேண்டும்.

ஊர் பார்க்க வருகிறவர் எதைப் பார்க்க வருகிறார்? சுக முனிவர் கிளி முகத்தோடு பூசித்ததாகச் சொல்லும் தலம். அங்கேயே அருணகிரிநாதர் பாடிய முருகன். பக்கத்தில் அழகிரிநாதர் பெருமாள், கோட்டை மாரியம்மன், ஜாமியா மசூதி, திருமணிமுத்தாறு. எல்லாம் கிட்டக் கிட்ட. பழைய பஸ் ஸ்டாண்ட் ஓரம் ஒரு சாதாரண லாட்ஜில் தங்கினாலும் விடிகாலையில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு நடந்து போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம். இதை வீண் என்று எழுதக் கை எப்படி வந்தது?

மெய்யனூரான்:
வணக்கம் அண்ணா. நான் எழுதியதில் பாதியை விட்டுவிட்டீர்கள். வெளியூர் பஸ்கள் வந்து நிற்பது புது பஸ் ஸ்டாண்டில். ஏற்காடு பஸ் ஏறுவதும் அங்கேதான். ராத்திரி பதினொன்றுக்கு இறங்கினாலும் சூடாகச் சாப்பாடு கிடைக்கும். ஜங்ஷனும் கிட்ட. காரில் வந்தால் நிறுத்த இடம் இருக்கிறது. அக்ரஹாரத்துத் தெருக்களில் கார் எங்கே திரும்பும்?

நடை விஷயம்: நான் வாரத்தில் இரண்டு நாள் அந்த வழியில் நடக்கிறவன். இருபது நிமிடம், மிஞ்சினால் இருபத்தைந்து.

கோட்டைக்காரன்:
எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். நேற்று இருபது, இன்றைக்கு இருபத்தைந்து. நாளைக்கு எவ்வளவு தம்பி?

பேட்டை வெள்ளி:
ரெண்டு பேரும் கோயிலையும் பஸ் ஸ்டாண்டையும் விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறீர்கள். சேலத்தின் உயிர் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் வந்த இடம். லீ பஜாரில் காலையில் மூட்டை இறங்குவதை நின்று பாருங்கள். கொலுசுப் பட்டறைகளுக்கு வந்து பாருங்கள். எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே அம்மா உட்கார்ந்து கொலுசு வளையங்களைக் குறட்டால் ஒவ்வொன்றாகக் கோப்பார். எதிர்வீட்டு அக்கா சின்ன நெருப்பில் அவற்றைப் பற்றவைப்பார். மாலையில் சல்லடையில் சலித்து, கீழே விழுந்த வெள்ளித் தூளைக்கூடக் கூட்டி எடுத்துவைப்போம். இதையெல்லாம் எந்த ஏசி ரூமிலிருந்து பார்ப்பது? சேலம் மார்க்கெட் ஸ்டேஷன் எங்கள் பேட்டையிலேயே இருக்கிறது, விருத்தாசலம் பாதையில் வருகிறவர்கள் அங்கேயே இறங்கலாம்.

கோட்டைக்காரன்:
பேட்டை சொல்வது நியாயம். ஆனால் பேட்டையில் வெளியூர் ஆள் தங்க லாட்ஜ் எத்தனை? அதே விருத்தாசலம் பாதையில் சேலம் டவுன் ஸ்டேஷனும் இருக்கிறது, அதில் இறங்கினால் கோட்டைக்கு நடந்துவிடலாம். அது உண்மையான நடை தூரம். இருபது நிமிடக் கதை இல்லை.

பொருநை:
எல்லாருக்கும் வணக்கம். அந்தக் கேள்வி கேட்டது நான்தான். அம்மாவுக்கு எழுபத்தொரு வயது, முழங்கால் வலி உண்டு. இரண்டு நாள் சேலம், ஒரு நாள் ஏற்காடு என்று திட்டம். அம்மாவுக்கு முக்கியம் கோட்டை மாரியம்மன். எங்கே தங்கினால் அவர்களுக்குச் சிரமம் குறையும் என்று மட்டும் சொன்னால் போதும்.

பெங்களூர் சேலத்தான்:
சகோதரி, அஸ்தம்பட்டி இல்லையென்றால் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் பாருங்கள். அமைதியான தெருக்கள், நல்ல ஆஸ்பத்திரிகள் கிட்ட. ஏற்காடு போகும் ரோடு அஸ்தம்பட்டி வழியாகத்தான் போகிறது. போகிற வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் முகப்பு வளைவையும் பார்க்கலாம். 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோ அது, இப்போது மிச்சம் அந்த வளைவுதான். அதுவும் சரித்திரம்தானே? அண்ணா கோட்டை கோட்டை என்கிறார். அங்கே கோட்டை எங்கே இருக்கிறது?

கோட்டைக்காரன்:
வந்துவிட்டார். பதினைந்து வருடமாகப் பெங்களூரில் இருந்துகொண்டு சேலத்துக்கு வழி சொல்கிறவர்.

கோட்டை எங்கே என்று கேட்டதற்குப் பதில். மதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊர் அங்கிருந்துதான் விரிந்தது. 1792-இல் திப்புவிடமிருந்து இந்தப் பகுதி கம்பெனி கைக்குப் போய், அலெக்சாண்டர் ரீட் முதல் கலெக்டராக வந்தார். 1917 முதல் 1919 வரை ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவர். 1920 நாக்பூர் காங்கிரஸுக்குத் தலைமை தாங்கிய விஜயராகவாச்சாரியார் நம் ஊர்க்காரர். இவர்கள் நடந்த தெருக்களை விட்டுவிட்டு, ஃபேர்லேண்ட்ஸில் ஐஸ்கிரீம் கடைக்கு மேல்மாடியில் தங்கச் சொல்கிறீர்கள். அங்கிருந்தும் கோயிலுக்கு இருபது நிமிடம்தானோ?

பெங்களூர் சேலத்தான்:
ஊரை விட்டுப் போனவனுக்கு ஊரைப் பற்றிப் பேச உரிமை இல்லையா? போன வருடம் மாம்பழ விவாதத்திலும் இப்படித்தான் என்னை விரட்டினீர்கள். சேலத்து மாம்பழம் என்று விற்பதில் பெரும்பங்கு கிருஷ்ணகிரிப் பக்கம் விளைவது என்று உண்மையைச் சொன்னேன். அதை நீங்கள் இன்னும் மறக்கவில்லை.

கோட்டைக்காரன்:
மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். தர்மபுரி 1965-இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. அந்தத் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-இல். அந்தத் தோப்புகள் சேலம் ஜில்லாத் தோப்புகளாக இருந்தபோது வாங்கிய பெயர் அது. அன்றைக்கும் சொன்னேன், நீங்கள் பதில் தரவில்லை. சரி, இப்போது பேச்சு நடையைப் பற்றி. மெய்யனூரான் எங்கே போனார்?

மெய்யனூரான்:
இங்கேதான் இருக்கிறேன் அண்ணா, வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன். வேகமாக நடந்தால் இருபத்தைந்து நிமிடம். திரும்பவும் சொல்கிறேன். இந்தக் காலத்தில் ஆட்டோ இல்லாமலா இருக்கிறது? நடக்க முடியாதவர் ஆட்டோ பிடிக்கட்டும்.

கோட்டைக்காரன்:
ஆட்டோ என்றதும் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் என் பெரியம்மா சென்னையிலிருந்து ஆடிப் பண்டிகைக்கு வந்தார். யாரோ உங்களைப் போல ஒருவர் பேச்சைக் கேட்டு, மகன் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரூம் போட்டுவிட்டான். ஆடி விழாவில் கோட்டையைச் சுற்றிப் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியாது. ஆட்டோக்காரர் கலெக்டர் ஆபீஸ் பக்கமே நிறுத்தி, "இதற்கு மேல் போகாதுங்கம்மா" என்று சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை.

பெரியம்மா விரதம் என்று செருப்புப் போடாமல் வந்திருந்தார். பதினொன்றரை வெயில், கீழே தார் ரோடு. ஒரு கையில் வேப்பிலைக் கட்டு, இன்னொரு கையில் தேங்காய்ப் பை. நிழல் கிடைத்த இடத்திலெல்லாம் நின்று நின்று, ஒரு பூக்கார அம்மா ஈரச் சாக்கை விரித்துக் கொடுத்து அதன்மேல் கொஞ்ச நேரம் பாதத்தை ஆற்றிக்கொண்டு, அப்புறம் கூட்டத்துக்குள் போனார். நான் எதிரே போய்க் கூட்டி வருவதற்குள் உள்ளங்காலில் கொப்புளம். தரிசனம் முடிந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "உங்க வீட்டுலயே தங்கியிருக்கலாம்டா" என்று மட்டும்தான் சொன்னார். அவர் இப்போது இல்லை. அதனால்தான் இருபது நிமிடம் என்று யாராவது எழுதினால் எனக்கு எரிகிறது.

குகைக்காரி:
அண்ணா, பெரியம்மா விஷயம் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. பொருநை, ஆடி என்றால் கோட்டையோடு நிறுத்திவிடாதீர்கள். எங்கள் குகைப் பகுதி வண்டி வேடிக்கையை அம்மாவுக்குக் காட்டுங்கள். வண்டியை அலங்கரித்து, ஆட்கள் சாமி வேஷம் கட்டி மேலே உட்கார்ந்து ஊர்வலம் வருவார்கள். என் தம்பிக்கு ஒரு வருடம் முருகன் வேஷம் கட்டினார்கள். நெற்றியில் ஒட்டிய பொட்டு வேர்வையில் நழுவ, வண்டி நகர நகர என் அப்பா பக்கத்திலேயே நடந்து துடைத்துவிட்டுக்கொண்டே வந்தார். அந்த மாதிரி வேறெங்கும் கிடையாது.

பேட்டை வெள்ளி:
வேறெங்கும் கிடையாதா? செவ்வாய்ப்பேட்டையிலும் வண்டி வேடிக்கை உண்டு என்பது அக்காவுக்குத் தெரியாதா?

குகைக்காரி:
உண்டு என்று தெரியும். குகை போல வராது என்றும் தெரியும்.

பேட்டை வெள்ளி:
எங்கள் வண்டிகளின் மின்விளக்கு அலங்காரத்தைப் பார்க்கக் குகையிலிருந்தே ஆட்கள் வருகிறார்கள்.

குகைக்காரி:
விளக்கைப் பார்க்க வருவோம், வேஷத்தைப் பார்க்க நீங்கள் இங்கே வருவீர்கள்.

ஏற்காட்டு மிளகு:
நான் ஒன்று சொல்லலாமா? ஏற்காட்டிலேயே தங்கிவிட்டுக் காலையில் கீழே இறங்கிச் சேலம் பார்க்கலாம். 1515 மீட்டர் உயரம், ராத்திரி போர்வை வேண்டும். ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில். 1820-இல் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்து நட்ட மலை. அம்மாவுக்குக் காற்றே மருந்து.

கோட்டைக்காரன்:
முழங்கால் வலிக்காரரை 20 கொண்டை ஊசி வளைவில் தினமும் ஏற்றி இறக்கச் சொல்கிறீர்கள். சனி, ஞாயிறில் அடிவாரத்தில் நிற்கும் வண்டி வரிசையைப் பார்த்திருக்கிறீர்களா? ஏற்காட்டுக்கு ஒரு நாள் என்று அவர் திட்டம் போட்டதுதான் சரி. அந்த ஒரு நாளைக்காக மற்ற இரண்டு நாளும் புது பஸ் ஸ்டாண்டில் கிடக்க வேண்டியதில்லை.

ஏற்காட்டு மிளகு:
நான் வாரத்துக்கு மூன்று தடவை ஏறி இறங்குகிறேன். மலையில் பிறந்தவர்களுக்கு வளைவு ஒரு விஷயமே இல்லை.

கோட்டைக்காரன்:
அவர் நெல்லைக்காரர், மலைக்காரர் இல்லை.

பெங்களூர் சேலத்தான்:
ஒரு செய்தி. அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்திருக்கிறேன். இன்று காலை ஏழு மணிக்குப் புது பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஆரம்பித்து, போனில் நேரம் வைத்துக்கொண்டு செர்ரி ரோடு வழியாகவே நடந்தேன். சுகவனேஸ்வரர் கோயில் வாசலில் முப்பத்தெட்டு நிமிடம். வழியில் எங்கும் நிற்கவில்லை.

கோட்டைக்காரன்:
முப்பத்தெட்டு! அதுவும் காலை வேளை, நாற்பது வயது ஆள், கையில் பை இல்லை, காலில் ஷூ. பெங்களூராரே, மாம்பழ விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். ஆனால் இதற்கு நன்றி. மெய்யனூரான் தம்பி, படித்தீர்களா?

மெய்யனூரான்:
படித்தேன். எந்த வாசலில் ஆரம்பித்தார்? பஸ் உள்ளே போகும் வாசலா, வெளியே வரும் வாசலா? நான் சொன்னது பஸ் ஸ்டாண்ட் "பக்கம்". லாட்ஜ் நான்கு ரோட்டுக்கு அருகிலும் இருக்கலாமே.

கோட்டைக்காரன்:
நான்கு ரோடு எப்போது புது பஸ் ஸ்டாண்ட் ஆனது? அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்தால் எங்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிடுவீர்கள். அப்போது நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள் என்று ஆகும்.

மெய்யனூரான்:
ஆகாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் பழைய ஊரில் பசித்தால் என்ன கிடைக்கும், அதைச் சொல்லுங்கள்.

கோட்டைக்காரன்:
சாயங்காலமே அக்ரஹாரம் பக்கம் வந்து தட்டுவடை செட் சாப்பிட்டிருந்தால் பத்து மணிக்கு ஏன் பசிக்கிறது? ஒரு தட்டுவடை வைத்து, பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி தடவி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் அள்ளிப் போட்டு, மேலே இன்னொரு தட்டுவடையை மூடி அழுத்திக் கையில் கொடுப்பார்கள். கடிக்கும்போது நொறுங்கும் சத்தம் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும். முழங்கால் வலிக்காரருக்கு ஸ்டூல் போட்டுக் கொடுப்பார்கள்.

மெய்யனூரான்:
தட்டுவடை செட் ஐந்து ரோட்டிலும் கிடைக்கிறது அண்ணா.

கோட்டைக்காரன்:
கிடைக்கிறது. அதில் போடுவது சட்னியா என்று ஒருநாள் பேசுவோம்.

பொருநை:
நன்றி எல்லாருக்கும். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் போன் செய்து கேட்டேன். அந்த வாரம் லிப்ட் இருக்கிற இடத்தில் ரூம் இல்லை, இருக்கிற ரூம் இரண்டாவது மாடி. புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் தரைத்தளத்தில் இருக்கிறது. எதை எடுப்பது?

மெய்யனூரான்:
தரைத்தளம் எடுங்கள் சகோதரி. இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

கோட்டைக்காரன்:
நீங்கள் முதலிலிருந்து சொன்னது இருபது நிமிடம். தரைத்தளம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சகோதரி, அவசரப்பட வேண்டாம், எங்கள் தெருவில் இரண்டு இடத்தில் தரைத்தளத்தில் கேட்டுச் சொல்கிறேன். மெய்யனூரான் தம்பி, ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரைக்கு நான் புது பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன். செருப்பில்லாமல் சேர்ந்து நடப்போம்.

மெய்யனூரான்:
வருகிறேன் அண்ணா. ஆனால் பதினொன்றரைக்கு இல்லை, காலை ஆறு மணிக்கு.

கோட்டைக்காரன்:
பதினொன்றரை.