சேலம் மூக்கனேரியில் பறவைகளைக் கலைக்காமல் பார்க்கப் பிள்ளைகளை எப்படிப் பழக்குவது?

கேள்வி: கன்னங்குறிச்சி ஆசிரியை

வணக்கம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 26 பேரைச் சென்ற மாதம் மூக்கனேரிக் கரைக்கு அழைத்துச் சென்றேன். ஏரி நடுவே மண்திட்டில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்ததைக் கண்ட ஒரு பையன் "டீச்சர், அங்கே பாருங்க!" என்று கூவ, மற்றவர்களும் கரையோரம் ஓட, நாமக்கோழிகள் நீரை உதைத்துக்கொண்டு வெகுதூரம் போய்விட்டன. அதன்பின் அரைமணி நேரம் வெறும் தண்ணீரைத்தான் பார்த்தோம். "பேசாதே" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஏற்காட்டுக்கும் அழைத்துச் செல்ல எண்ணியிருப்பதால், அனுபவமுள்ளவர்கள் வழி கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஏற்காட்டுக் காபித் தோட்டத்துக்காரர்

அம்மா, பேசாதே என்பதைவிடப் பறவை என்ன செய்கிறது என்று கவனிக்கச் சொல்வதே நல்லது. பறவை பெரும்பாலும் திடீரென்று பறந்துவிடுவதில்லை. முதலில் மேய்வதை நிறுத்தும். பிறகு கழுத்தை நிமிர்த்தி நம்மைப் பார்க்கும். அதன்பின் மெல்ல நகரத் தொடங்கும். இந்த மூன்றில் முதலாவதை யார் முன்னதாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்று போட்டி வையுங்கள். கண்டவர் கையை மெதுவாக உயர்த்தினால் எல்லோரும் அப்படியே நின்று, இரண்டடி பின்வாங்க வேண்டும். பறவை மீண்டும் இரை தேடத் தொடங்கினால் அந்தக் குழு வென்றது. என் பேரப்பிள்ளைகள் இந்த விளையாட்டில் என்னையே அதட்டி நிறுத்தியிருக்கிறார்கள்.

26 பேர் ஒன்றாகச் செல்வது, எவ்வளவு அமைதியாக நடந்தாலும், பறவைக்கு ஒரு கூட்டம்தான். ஆறேழு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஒரே இடத்தில் உட்கார வையுங்கள். பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் விலகிப்போனவை பெரும்பாலும் தாமாகவே நெருங்கி வரும்.

ஏற்காட்டில் முறை வேறு. சில்வர் ஓக் நிழலில் காபிச் செடிகளுக்கிடையே கண்ணுக்குத் தெரிவது குறைவு, காதில் விழுவது மிகுதி. குக்குறுவானின் "குட்ரூ, குட்ரூ" எல்லாப் பக்கமும் கேட்கும். ஆனால் பச்சை இலைக்குள் அந்தப் பச்சைப் பறவையைக் காண்பது பெரியவர்களுக்கே கடினம். கண்ணை மூடி, குரல் வரும் திசையை விரலால் காட்டச் சொல்லுங்கள். அங்கே தின்பண்டப் பையைப் பிரிக்க வேண்டாம்; பறவைக்கு முன் குரங்கு வந்துவிடும்.

மறுமொழி 2: அஸ்தம்பட்டி வாசகர்

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள். தன் எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டதென்று எண்ணி, அது இரையையும் குஞ்சையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். கோடையில் ஏரிக்கரைச் சரளையில் ஆள்காட்டிப் பறவை பெரும்பாலும் நான்கு முட்டைகளை வெறுந்தரையிலேயே இடும். அவை கல்லோடு கல்லாகத் தெரிவதால் மிதித்துவிடும் ஆபத்து உண்டு. அது தலைக்கு மேல் கத்திச் சுற்றினால், வந்த வழியே திரும்புவதுதான் சரி. முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இப்போதே சொல்லிவிடலாம்.

கேள்வியாளர்

இருவருக்கும் நன்றி. எங்களிடம் தொலைநோக்கி ஒன்றுதான் உள்ளது. சீருடைச் சட்டை வெள்ளை, அது இடையூறா?

மறுமொழி 3: ஏற்காட்டுக் காபித் தோட்டத்துக்காரர்

மங்கிய நிறம் நல்லதுதான். எனினும் சட்டையைவிட ஓட்டமும் கையசைப்பும்தான் பறவையை மிகுதியாக விரட்டுகின்றன என்பது என் அனுபவம். தொலைநோக்கி எட்டு மடங்கு பெரிதாக்குவதாக இருந்தால் போதும். குழுவுக்குள் முறைவைத்துக் கொடுங்கள். மற்றவர்களுக்கு நோட்டில் எண்ணும் வேலை கொடுங்கள். பொங்கல் விடுமுறையில் நடைபெறும் பறவைகள் கணக்கெடுப்பில் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, கண்ட பறவைகளையும் எண்ணிக்கையையும் பதிவு செய்கிறார்கள். அதே கணக்கை இப்போதே பழக்கலாம்.

கேள்வியாளர்

அப்படியானால் ஏரிக்குப் போகுமுன் பள்ளி வேப்பமரத்தடித் தவிட்டுக்குருவிகளிடமே தொடங்குகிறோம். அவை எங்கள் பிள்ளைகளைவிடச் சத்தம் போடுபவை என்பதால், முதல் வாரம் யாரையும் அதட்ட வேண்டியிராது.