சான்று பெற்ற ஓஎன்டி வேறொரு நிறுவனத்தின் ஓஎல்டியோடு ஒத்துழைக்காதது ஏன்?

கேள்வி – இழைக்காரர்

சிற்றூர்களுக்கு ஒளியிழை இணையம் வழங்கும் சிறு நிறுவனம் ஒன்றில் வலையமைப்பைப் பராமரித்து வருகிறேன். ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பகிரும் ஜிபான் முறையில், எங்கள் பக்கமுள்ள மையக் கருவியான ஓஎல்டி ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு. அண்மையில் விலை குறைவு என்பதற்காக சந்தாதாரர் வீட்டில் வைக்கும் ஓஎன்டி பெட்டிகளை வேறொரு நிறுவனத்திடமிருந்து நாற்பது வாங்கினோம். பெட்டியின் மேல் ஜிபானுக்கான ஜி.984 தரநிலைக்கு இணக்கமானது என்று அச்சிட்டிருக்கிறது, விற்றவர் சான்றிதழின் நகலையும் கொடுத்தார். ஒளியின் அளவு மைனஸ் 21 டிபிஎம் என்று நன்றாகவே இருக்கிறது. ஓஎல்டி வரிசை எண்ணை ஏற்றுக்கொள்கிறது. பெட்டி, பதிவு முடிந்து இயங்கத் தயாரான ஓ5 நிலைக்கும் வந்துவிடுகிறது. ஆனால் இணையத்துக்கு ஒரு வி-லேன் (ஒரே இழையில் தனியாகப் பிரித்த வலை), தொலைபேசிக்கு இன்னொன்று என்று பிரித்துக் கொடுத்தால் இரண்டாவது சேவை வருவதேயில்லை. அதே இழையில் பழைய பெட்டியைப் பொருத்தினால் இரண்டும் இயங்குகின்றன. அப்படியென்றால் அந்தச் சான்றிதழ் எதற்குத்தான் பொறுப்பேற்கிறது?

மறுமொழி – சோதனைமேசை

ஐயா, உங்கள் பெட்டி ஓ5 வரை வந்துவிட்டதால், ஒளியும் பதிவும் சரியாக நடந்துவிட்டன என்று கொள்ளலாம். சிக்கல் அதற்கு மேலே, ஓஎம்சிஐ என்னும் நிர்வாக உரையாடலில் இருக்க வாய்ப்பு அதிகம். டி-காண்ட் (ஓஎன்டி தரவை அனுப்புவதற்கான பங்கு), ஜெம் போர்ட் (தரவு செல்லும் தடம்), வி-லேன் விதி ஆகிய அனைத்தையும் ஓஎல்டி அந்த உரையாடலின் வழியாகத்தான் ஓஎன்டிக்குச் சொல்லிக் கொடுக்கிறது. இந்த உரையாடலுக்கான ஜி.988 பரிந்துரை, எண்ணிட்ட அமைப்புப் பொருள்களை வரையறுத்தாலும், ஒரே வி-லேன் விதியை ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளில் எழுத இடம் கொடுக்கிறது; 350 முதல் 399 வரையிலான பொருள் எண்களை நிறுவனங்களின் சொந்தப் பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கியும் வைத்திருக்கிறது. ஆகவே இரு தரப்பும் தரநிலையை மீறாமலேயே ஒன்றையொன்று புரிந்துகொள்ளாமல் போகலாம்.

தொழில்துறை அமைப்பான பிராட்பேண்ட் ஃபோரம் 2011இல் தொடங்கிய பிபிஎஃப்.247 சான்று இந்த இடைவெளியைக் குறைப்பதற்காக வந்தது. ஆனால் அது ஓஎன்டியை மட்டும் டிஆர்-247 சோதனைத் திட்டத்தின்படி ஆராய்ந்து தரப்படும் இணக்கச் சான்று. ஓஎல்டியும் ஓஎன்டியும் இணையாகச் சேர்ந்து இயங்குவதைச் சோதிக்கும் திட்டம் டிஆர்-255 என்று தனியாக உள்ளது. இந்த வேறுபாட்டை விற்பவர்கள் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. உங்களுக்குத் தந்த சான்றிதழில் எந்த ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் இயங்கும் மென்பொருள்) பதிப்பு குறிக்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். கையிலுள்ள பெட்டியில் வேறு பதிப்பு இருந்தால், சோதித்தது அந்தப் பெட்டியை அல்ல.

மறுமொழி – கேபிள்காலத்தவர்

கேபிள் மோடம் உலகில் இந்த நிலை இவ்வளவு மோசமாக இல்லாததற்குக் காரணம் உண்டு. அமெரிக்கக் கேபிள் நிறுவனங்கள் 1997இல் கேபிள் மோடங்களுக்கான டாக்சிஸ் விவரக்குறிப்பை வெளியிட்டபோதே, வாடிக்கையாளர் கடையில் மோடம் வாங்கி எந்த ஊர் வலையிலும் மாட்ட வேண்டும் என்பது நோக்கமாக இருந்தது. அந்நிறுவனங்களின் ஆய்வு அமைப்பான, கொலராடோவிலுள்ள கேபிள்லேப்ஸ் 1999இல் தோஷிபா, தாம்சன் மோடம்களுக்கு முதல் சான்றுகளை வழங்கியது. நிறுவனத்தின் பக்கமுள்ள தலைமுனைக் கருவியான சிஎம்டிஎஸ்ஸுக்கும் தனித் தகுதிச் சான்று ஏற்படுத்தியது. இரண்டு முனைகளும் சோதனைக்கு உட்பட்டன. ஜிபானில் நெடுங்காலம் இரு முனைகளையும் ஒரே நிறுவனத்திடம் வாங்கும் வழக்கமே நிலவியதால், அந்தக் கட்டாயம் எழவில்லை.

இழைக்காரர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஃபர்ம்வேர் பதிப்பைப் பார்த்தேன். சான்றிதழில் உள்ளது வேறு, பெட்டியில் உள்ளது வேறு. இந்தியாவில் தொலைத்தொடர்புக் கருவிகளுக்குக் கட்டாயமான எம்டிசிடிஇ சான்றும் அந்தப் பெட்டிக்கு இருக்கிறதே, அது இதற்கு உதவாதா?

மறுமொழி – சோதனைமேசை

உதவாது. 2017ஆம் ஆண்டு விதித் திருத்தத்தின் வழியாக வந்த அந்தக் கட்டாயச் சான்று, மின் பாதுகாப்பு, மின்காந்த இடையூறு முதலான அடிப்படைத் தேவைகளுக்கானது. உங்கள் ஓஎல்டியோடு வி-லேன் பேச்சு சரியாக நடக்குமா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. முதலில் சான்றிதழில் உள்ள பதிப்பை விற்றவரிடம் கேட்டு வாங்கி, ஒரே ஒரு பெட்டியில் ஏற்றிப் பாருங்கள். அப்போதும் வரவில்லையென்றால், ஓஎல்டியின் ஓஎம்சிஐ பதிவை எடுத்து, 171ஆம் எண் பொருளுக்கு, அதாவது விரிவுபடுத்திய வி-லேன் விதிக்கு, பெட்டி என்ன பதில் அனுப்புகிறது என்று பழைய பெட்டியின் பதிலோடு ஒப்பிடுங்கள். அந்தப் பதிவை இங்கே இட்டால் நானும் பார்க்கிறேன். அதுவரை மீதிப் பெட்டிகளைச் சந்தாதாரர் வீடுகளுக்கு அனுப்ப வேண்டாம்.