மூன்றடிப் பவளத் தொட்டியில் எந்தெந்த மீன்களைச் சேர்த்து விடலாம்?

லாஸ்பேட்டையான் (கேள்வி):

வணக்கம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் வசிக்கிறேன். பத்தாண்டுகள் நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகிய துணிவில், ஆனி மாதத்தில் முதன்முறையாகக் கடல்நீர்த் தொட்டி ஒன்றை அமைத்தேன். நீளம் 3 அடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி. கணக்குப்படி 190 லிட்டர் என்றாலும் கல்லும் மணலும் போக 160 லிட்டர் அளவுக்குத்தான் தண்ணீர் நிற்கிறது. கடற்கரையிலிருந்து நீர் எடுக்கவில்லை. ஆர்ஓ நீரில் செயற்கைக் கடல் உப்பைக் கலந்தே நிரப்பினேன். எட்டு வாரம் ஆகிவிட்டது. அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் 10 பிபிஎம், உப்புநீரின் அடர்த்தி 1.025. மென்பவளங்களில் தோல் பவளம் ஒன்றும் காளான் பவளம் இரண்டும் இருக்கின்றன. மீன் ஒன்றுகூட இன்னும் விடவில்லை.

என் விருப்பப் பட்டியலில் உள்ளவை இவை: நீமோ என்று எல்லாரும் சொல்லும் ஓசெல்லாரிஸ் கோமாளி மீன் இரண்டு, என் மகள் பிடிவாதமாகக் கேட்கும் ப்ளூ டாங் ஒன்று, ராயல் கிராமா, சிக்ஸ்லைன் ராஸ், மாண்டரின், நீல டாம்செல் நான்கு, மஞ்சள் வாட்ச்மேன் கோபி, கிளீனர் இறால். இவற்றில் எவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும்? இதற்கிடையில் வைத்திக்குப்பத்தில் கடலுக்குப் போகும் நண்பர் ஒருவர், வலையில் உயிரோடு சிக்கிய விரல் நீளக் கிளாத்திக் குஞ்சு ஒன்றை எனக்காக வாளியில் போட்டு வைத்திருக்கிறார். அதையும் வாங்கிக்கொள்ளலாமா?

கெடிலக்கரை:

நண்பரே, எட்டு வாரம் மீன் விடாமல் பொறுத்திருந்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். 2012-ல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் முதல் தொட்டியை வைத்தபோது எனக்கு எட்டு நாள்கூடப் பொறுமை இருக்கவில்லை.

நன்னீரில் பழகிய நாம் மீனின் நிறத்தையும், அது எவ்வளவு வளரும் என்பதையும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறோம். கடல் தொட்டியில் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, அந்த மீன் தொட்டியின் எந்த மூலையைத் தன் வீடு என்று பிடித்துக்கொள்ளும், அந்த வீட்டுக்காக யாரோடெல்லாம் சண்டைக்கு நிற்கும் என்பதுதான். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு பாறை மேடு. அதில் பத்து மீனுக்குப் பட்டா எழுதிக் கொடுக்க முடியாது.

முதலில் ப்ளூ டாங். கடையில் அது ஒரு ரூபாய்க் காசு அளவில் இருக்கும். வளர்ந்தால் ஓர் அடி. நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கும் மீன் என்பதால் ஆறடித் தொட்டிக்குக் குறைவாக அதை வைப்பது வதை. இடம் போதாமல் மிரளும் டாங் மீனுக்குத்தான் வெள்ளைப்புள்ளி நோய் முதலில் வரும். அதிலிருந்து மற்ற மீன்களுக்கும் பரவும். மகளிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு.

அடுத்து டாம்செல். விலை மலிவு, எதையும் தின்னும், எந்தத் தண்ணீரையும் தாங்கும். அதனால்தான் கடைக்காரர்கள் புதியவர் தலையில் இதைக் கட்டிவிடுகிறார்கள். நான் வாங்கியது நெற்றியில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று வெள்ளைப் பொட்டு வைத்த கறுப்பு டாமினோ டாம்செல். குஞ்சாக இருந்தபோது கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒன்பது மாதத்தில் பொட்டு மங்கி, உடம்பு தடித்து, தொட்டியின் இடது பாதியைத் தனதாக்கிக்கொண்டது. புதிதாக விட்ட கார்டினல் மீனை இரண்டு நாளில் வால் துடுப்பு இல்லாமல் ஆக்கியது. கண்ணாடியைத் துடைக்கக் கையை விட்டால் என் விரலையும் கடித்தது. அதைப் பிடிக்கக் கல்லை எல்லாம் வெளியே எடுக்க மனம் வராமல், ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலின் கழுத்தை அறுத்துத் தலைகீழாகச் செருகி, ஆற்றில் பரி வைப்பது போல இறால் துண்டோடு வைத்தேன். முதல் மூன்று நாளும் வேறு மீன்கள்தான் உள்ளே போயின. நான்காம் நாள் காலையில் அது உள்ளே இருந்தது, அப்போதும் பாட்டிலின் சுவரை முட்டிக்கொண்டு. உங்கள் பட்டியலில் உள்ள நீல டாம்செல் இவ்வளவு பெரிதாகாது என்றாலும், நான்கைச் சேர்த்து விட்டால் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும்.

மாண்டரின் யாரோடும் சண்டை போடாது, ஆனால் பட்டினி கிடந்தே செத்துவிடும். பாறையில் ஊரும் கண்ணுக்குத் தெரியாத கோப்பிபாட் உயிரிகளை ஓயாமல் பொறுக்கித் தின்பதுதான் அதன் பிழைப்பு. எட்டு வாரத் தொட்டியில் அவை ஒரு மாதத்துக்குக்கூடக் காணா. சிக்ஸ்லைன் ராஸும் அதே இரையைத்தான் பொறுக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்து வைப்பது ஒரே வயலில் இரண்டு பேர் கதிர் பொறுக்குவது போல.

ராயல் கிராமா நல்ல தேர்வு, ஆனால் வாங்கும்போது ஏமாறாதீர்கள். முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள் என்ற அதே வேடத்தில் டாட்டிபேக் என்றொரு முரடன் இருக்கிறான். கிராமாவின் உடலில் ஊதா நிறம் புள்ளி புள்ளியாகக் கரைந்து மஞ்சளில் சேரும். முதுகுத் துடுப்பின் முன்பக்கம் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். டாட்டிபேக்கில் இரண்டு நிறமும் கத்தியால் வெட்டியது போல நேர்க்கோட்டில் பிரிந்து நிற்கும். கிராமா கரீபியக் கடலின் மீன். நம் பக்கத்துக்கு அது தொலைவிலிருந்து வர வேண்டும். எனவே மலிவாகக் கிடைக்கிறதென்றால் ஒருமுறைக்கு இருமுறை உற்றுப் பாருங்கள்.

உப்புக்காற்று:

முன்னவர் சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். முத்தியால்பேட்டையில் மூன்றடித் தொட்டிதான் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. நான் சேர்க்க விரும்புவது மீன்களை விடும் வரிசையைப் பற்றி. முதலில் குடிவந்தவன் வீட்டுக்காரன் ஆகிவிடுவது மனிதர்களிடம் மட்டுமில்லை. எனவே மிகவும் பயந்த சுபாவம் உள்ளதை முதலிலும் முரட்டுத்தனம் உள்ளதைக் கடைசியிலும் விட வேண்டும். உங்கள் பட்டியலில் கோபியும் இறாலும் முதலில் வரட்டும். இரண்டு வாரம் கழித்துக் கிராமா. கோமாளி மீன் சோடி கடைசியில். கோமாளி மீன் பார்க்கச் சாதுவாக இருந்தாலும் ஓரிடத்தில் ஊன்றிவிட்டால் புதிதாக வருபவரை நெருங்க விடாது.

சிக்ஸ்லைன் ராஸைப் பற்றி முன்னவர் இரையை மட்டும் சொல்லி விட்டுவிட்டார். அதன் குணத்தைத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். எங்கள் வீட்டில் அது முதல் ஓராண்டு ஒளிந்து ஒளிந்து திரிந்தது. பிறகு புதிதாக வரும் சிறிய மீன் ஒவ்வொன்றையும் பாறை இடுக்கில் துரத்தி மூலையில் அடைத்தது. சிறிய தொட்டிக்கு அது வேண்டாம்.

அதன் இடத்தில் ஃபயர்ஃபிஷ் ஒன்றைப் பரிந்துரைக்கிறேன். வெள்ளை உடல், பின்பக்கம் செந்தணல், முதுகில் கொடி போல் நீண்ட ஒற்றைத் துடுப்பு; மணலுக்கு ஒரு சாண் மேலே ஒரே இடத்தில் மிதந்தபடி நிற்கும். யாரையும் சீண்டாது. ஆனால் மிரண்டால் தொட்டியை விட்டே எகிறிவிடும். எங்கள் முதல் ஃபயர்ஃபிஷ் ஒருநாள் காலையில் காணாமல் போனது. பாறையெல்லாம் தேடினோம். தொட்டி மேசையின் பின்னால் எறும்பு வரிசையைக் கண்டு குனிந்து பார்த்தபோதுதான், நெத்திலிக் கருவாடு போல் காய்ந்து கிடந்தது தெரிந்தது. வயர் போக நான் விட்டிருந்த நான்கு விரல் இடைவெளி வழியாக வெளியேறியிருக்கிறது. எனவே தொட்டியின் மேல் மெல்லிய வலை போடுங்கள். நம் ஊர் வெயிலுக்குக் கண்ணாடி மூடி வேண்டாம், சூடு உள்ளேயே நிற்கும்.

சூட்டையும் மீன் தேர்வோடு சேர்த்தே பாருங்கள். வெந்நீரில் உயிர்க்காற்று குறைவாகவே கரையும். அக்னி நட்சத்திர நாள்களில் தொட்டி 31 பாகையைத் தொட்டால் முதலில் மூச்சு வாங்குவது மீன்கள்தான். இங்கே காற்றில் ஈரம் அதிகம் என்பதால் மின்விசிறி வைத்தும் ஒன்றிரண்டு பாகைக்கு மேல் இறங்குவதில்லை. நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க முடியாவிட்டால் மீன் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆவியாகிக் குறையும் நீருக்கு ஆர்ஓ நீரை மட்டும் ஊற்றுங்கள்; உப்பு ஆவியாவதில்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த இரவில், பேட்டரியில் ஓடும் காற்றுக்குழாய் ஒன்றை வைத்துத்தான் எங்கள் ஐந்து மீன்களையும் காப்பாற்றினோம். பத்து மீன் இருந்திருந்தால் அந்தக் குழாய் போதாமல் போயிருக்கும்.

லாஸ்பேட்டையான்:

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மிக்க நன்றி. டாங், மாண்டரின், ராஸ், நான்கு டாம்செல் ஆகியவற்றைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். மகள் இன்னும் சமாதானம் ஆகவில்லை. நீல நிறத்தில் ஏதாவது ஒன்று வேண்டும் என்கிறாள். கோபியோடு பிஸ்டல் இறால் ஒன்றையும் வைத்தால் இரண்டும் ஒரே வளையில் வாழும் என்று படித்தேன். அது கிளீனர் இறாலுக்கு ஆபத்தாகுமா? கோமாளி மீனைச் சோடியாக எப்படித் தேர்ந்தெடுப்பது? அதற்கு அனிமோன் என்னும் கடல் சாமந்தி கட்டாயமா?

வெள்ளாற்று முகம்:

பரங்கிப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். கோமாளி மீன் வாங்கும்போது அது கடலில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா என்று கேளுங்கள். எங்கள் ஊரில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையத்திலும், மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கிளையிலும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரித்திருக்கிறார்கள். தொட்டியில் பிறந்த மீன் குருணைத் தீவனத்தை முதல் நாளே தின்னும், நோயும் குறைவாகக் கொண்டுவரும், மற்ற மீன்களோடும் எளிதில் பழகும்.

சோடி சேர்ப்பது எளிது. கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே வளரத் தொடங்குகின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறுகிறது, ஆனால் பெண்ணானது மறுபடி ஆணாவதில்லை. எனவே சம அளவில் வளர்ந்த இரண்டை வாங்கினால் இரண்டும் பெண்ணாக இருந்து ஒன்றையொன்று கொல்லக்கூடும். இளசாக, ஒன்று பெரிதும் மற்றது சிறிதுமாக வாங்குங்கள். அனிமோன் இல்லாமலே அவை நன்றாக வாழும். பல நேரம் தோல் பவளத்தையே மெத்தையாக்கிக்கொள்ளும். புதுத் தொட்டியில் அனிமோன் வைத்தால் அது இடம் பிடிக்காமல் நகர்ந்து பவளங்களைச் சுடும், நீரோட்ட மோட்டாரில் சிக்கிச் சிதைந்து தொட்டி முழுவதையும் கெடுக்கும்.

பிஸ்டல் இறாலால் கிளீனர் இறாலுக்குப் பெரிதாகத் தொல்லை வராது. ஒன்று வளைக்குள் வாழ்வது, மற்றது பாறை மேல் வாழ்வது. பிஸ்டல் இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. வளை வாசலில் மண்ணை அள்ளிக் கொட்டும்போது தன் மீசைகளில் ஒன்றை எப்போதும் கோபியின் உடலில் தொட்டபடி வைத்திருக்கும். கோபி வாலைச் சிலிர்த்தால் உடனே உள்ளே போய்விடும். ஆனால் அது பாறைக்கு அடியிலும் தோண்டும் என்பதால், உங்கள் கல் மணலின் மேல் உட்கார்ந்திருந்தால் ஒருநாள் சரிந்து கண்ணாடியில் மோதும். இறாலை விடுவதற்கு முன் கல்லைத் தொட்டியின் அடிக்கண்ணாடி மீது படியும்படி இறக்கி வையுங்கள். இரவில் ‘டக்’ என்று சத்தம் கேட்டால் கண்ணாடி விரிசல் விட்டதோ என்று பதற வேண்டாம், இறால் கொடுக்கைச் சொடுக்குகிறது.

நண்பரிடம் உள்ள கிளாத்தியைக் கடலில் விடச் சொல்லிவிடுங்கள். அதன் பல் நண்டையும் இறாலையும் ஓட்டோடு உடைப்பதற்கென்றே அமைந்தது. உங்கள் கிளீனர் இறால் ஒரு இரவுகூடத் தாங்காது. பேத்தை (பஃபர்) மீனும் அப்படியே. அன்புக்காகக் கரையில் யாராவது கடல்குதிரையோ உயிருள்ள பவளக் கல்லோ கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். 2001 முதல் கடல்குதிரைகளும் பாறை கட்டும் பவளங்களும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன.

கெடிலக்கரை:

ராஸின் குணத்தை நான் சொல்லாமல் விட்டது பிழைதான், அம்மா சொன்னதே சரி. தம்பி, மகளுக்காக ஒரு சமரசம் சொல்கிறேன். மஞ்சள் வால் கொண்ட நீல டாம்செல் என்று ஓர் இனம் உண்டு. அதன் இனத்திலேயே சற்றுச் சாந்தமானது. நான்கு வேண்டாம், ஒன்றே ஒன்று, எல்லாருக்கும் பின்னால், கோமாளி மீன்களும் ஊன்றிய பிறகு. முதல் இரண்டு மூன்று நாளுக்கு அதைத் துளையிட்ட தெளிவான பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டுத் தொட்டிக்குள்ளேயே வையுங்கள். ஒருவர் முகம் ஒருவருக்குப் பழகிவிடும், கடிக்கவும் முடியாது. கோபி, ஃபயர்ஃபிஷ், கிராமா, இரண்டு கோமாளி, இந்த டாம்செல் என ஆறோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மீனையும் கடையிலிருந்து நேராகத் தொட்டியில் விடாமல், 40 லிட்டர் வெற்றுத் தொட்டியில் பஞ்சு வடிகட்டியும் ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டும் போட்டு நான்கு வாரம் தனியே வையுங்கள். வெள்ளைப்புள்ளிக்குத் தாமிர மருந்து தேவைப்பட்டால் அதில் மட்டுமே ஊற்ற முடியும். பெரிய தொட்டியில் ஊற்றினால் இறாலும் பவளமும் செத்துவிடும். நோய் பெரிய தொட்டிக்குள் நுழைந்துவிட்டால், மீன் முழுவதையும் வெளியேற்றி 76 நாள் தொட்டியை மீனில்லாமல் போட வேண்டியிருக்கும். நான் ஒருமுறை போட்டேன்.

கோமாளிகளை விட்ட முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருங்கள். பெரியது துரத்தும்போது சிறியது பக்கவாட்டில் சாய்ந்து உடலை நடுக்கிக் காட்டினால், பணிந்துவிட்டது, சோடி சேர்ந்துவிடும். வாயோடு வாய் பூட்டிக்கொண்டு சுழன்றால் அன்றிரவே ஒன்றை வெளியே எடுத்துவிடுங்கள்.