மறு: ஸ்கில்லெட் பாஸ்தா - தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பின் குழுவினருக்கு, வணக்கம்.

> வேலை முடிந்து வந்து அரைமணி நேரத்தில், ஸ்கில்லெட் என்னும் தட்டையடிச் சட்டி ஒன்றிலேயே முடித்துவிடும் பாஸ்தா. சமையல் குறிப்பைத் தமிழாக்குகிறேன். 'விரைவு வாணலிப் பாஸ்தா' சரியாக வருமா?

'விரைவு' வேண்டாம் அம்மா. விளம்பரத்துக்கு உதவும், அடுப்படிக்கு உதவாது. 'வாணலி'யும் இடிக்கிறது. வாணலிக்கு அடி குழிவு. இங்கே தேவைப்படுவது தட்டையான அடி, அகன்ற வாய், தாழ்ந்த விளிம்பு. அப்போதுதான் பாஸ்தா பரந்து கிடந்து ஒரே சீராக வேகும், தண்ணீரும் சீக்கிரம் வற்றும். 'அகல்சட்டி' என்பது என் பரிந்துரை. சுடுநீர், குடிநீர் போல வினைத்தொகை. ஆகவே இலக்கணம் படித்தவர்கள் 'அகற்சட்டி' என்று திருத்த வராதீர்கள்! 'ஃப்ரை பேன்' என்றே எழுதினாலும் எனக்குச் சண்டையில்லை.

> பானையில் வேகவைத்து வடித்தாலும் பாஸ்தாதான், சட்டியிலேயே முடித்தாலும் பாஸ்தாதான். தனிப்பெயர் எதற்கு ஐயா?

இங்கேதான் எனக்கு மாறுபாடு. பாத்திரம் மட்டுமா மாறுகிறது? தண்ணீரின் கணக்கே மாறுகிறது. இத்தாலிய வழக்கப்படி 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. 250 கிராமுக்கு 25 கிராம் உப்பு வரும். பெரும்பகுதி வடிநீரோடு போய்விடுவதால் நாக்குக்குத் தெரியாது. அகல்சட்டியில் அதே 250 கிராமுக்கு ஏறக்குறைய 700 மில்லி தண்ணீர்தான், ஒரு சொட்டும் வெளியே போகாது. பழைய கணக்கில் உப்பைப் போட்டால் வாயில் வைக்க முடியாது. ஒரு சிறுகரண்டிக்கும் குறைவாகப் போட்டு, கடைசியில் ருசி பார்த்துச் சேர்ப்பதே நல்லது. பாலாடைக்கட்டியிலும் உப்பு இருக்கிறதே.

தங்கிவிடும் இன்னொன்று மாவுச்சத்து. பாஸ்தாவிலிருந்து கரைந்து இறங்குவது முழுவதும் அந்தக் கொஞ்சத் தண்ணீரில் திரளும். அதுதான் எண்ணெயையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்துக்கொண்டு, தனியாக மாவு கரைத்து ஊற்றாமலே குழம்பைக் கெட்டியாக்கும். இந்தக் கலவைக்குப் பெயர் தேட வேண்டியதில்லை. பள்ளி வேதியியலில் 'பால்மம்' என்று படித்ததுதான். ஆனால் சமையல் குறிப்பில் 'பால்மமாகும் வரை' என்று எழுதினால் பரிசோதனைக்கூட வாடை அடிக்கும். 'எண்ணெய் மேலே மிதக்காமல் குழம்போடு ஒன்றாகும் வரை' என்று எழுதுங்கள்.

ஆக, இந்த முறையின் உயிர் வடிக்காமல் விடுவதில் இருக்கிறது. அதையே பெயரில் வைத்து 'வடிக்காப் பாஸ்தா' என்போம். 'ஒருசட்டிப் பாஸ்தா' கேட்க இனிமைதான். ஆனால் ஒரே சட்டியில் வேகவைத்து, வடித்து, அதே சட்டியில் தாளிப்பவரும் அப்படித்தான் சொல்லிக்கொள்வார். 'வடிக்கா' என்ற சொல்லைப் பார்த்தவர் தண்ணீரை அளந்து ஊற்றுவார்.

> 'அல் டென்டே'க்கு 'முக்கால் பதம்' போதாதா?

போதாது என்பேன். முக்கால் பதம் வழியில் வரும் ஒரு நிலை. இன்னும் கால் பங்கு வேக வேண்டும் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. அல் டென்டே பரிமாறும்போது இருக்க வேண்டிய நிலை: வெந்திருக்கும், ஆனால் பல்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்புக் கொடுக்கும். அதற்குக் 'கடிபதம்' பொருந்தும். இந்தச் சமையலில் இரண்டுமே வேண்டும். ஒரு துண்டைக் கிள்ளிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் முக்கால் பதம். தண்ணீர் அதற்குள் வற்றியிருந்தால் கால் குவளை வெந்நீர் விடலாம். புள்ளி மங்கி மறையப் போகும் நேரத்தில் அடுப்பை அணைத்தால், சட்டியின் சூடே கடிபதத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

இரும்புச் சட்டிக்காரர்களுக்கு மட்டும்: தக்காளிப் புளிப்பு, பழக்கிய சட்டியின் எண்ணெய்ப் படலத்தை அரிக்கும். தக்காளிக் குழம்பென்றால் எவர்சில்வர் போதும்.

அன்புடன்.

---

ஐயா, வணக்கம்.

'கடிபத'த்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். 'வடிக்காப் பாஸ்தா' தலைப்பில் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது, வீட்டில் படித்துக் காட்டியதும் "வடிக்க மறந்துட்டியா?" என்றார்கள். அதனால் தலைப்பில் 'ஒருசட்டிப் பாஸ்தா', கீழே சிறிய எழுத்தில் 'வடிக்காமல் செய்வது'. செய்முறை இப்படி வந்திருக்கிறது, பாருங்கள்:

'அகல்சட்டியில் எண்ணெய் விட்டுப் பூண்டை வதக்கி, தக்காளி சேர்த்துக் குழைய விடவும். பாஸ்தாவைக் கொட்டி, அளந்த வெந்நீரை ஊற்றவும். ஒன்றோடொன்று ஒட்டுவது முதல் இரண்டு நிமிடத்தில்தான். அப்போது கை நிற்காமல் கிளறவும். பிறகு அவ்வப்போது கிளறினால் போதும். தண்ணீர் சுண்டி, கரண்டியை இழுத்தால் சட்டியின் அடி ஒரு கணம் தெரிய வேண்டும். கடிபதத்துக்குச் சற்று முன்பே அடுப்பை அணைத்து, அதன் பிறகே பாலாடைக்கட்டித் துருவலைத் தூவவும். கொதிக்கும்போது போட்டால் திரிந்து கட்டிகட்டியாகும்.'

'திரிந்து' என்று எழுதியதில் யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் நாளை அச்சுக்கு அனுப்பிவிடுகிறேன்.